சீ, சீ, பெத்ரோலியோ

அறுபத்தெட்டு என்று காட்டிக்கொண்டிருந்த எண் அறுபத்தாறாகிவிட்டது. நடுவில் அறுபத்தேழை அது காட்டவே இல்லை என்பதைக் கோமதிநாயகம் கவனித்தார். வண்டியில் மிச்சமிருக்கிற டீசல் இன்னும் எத்தனை கிலோமீட்டருக்கு வரும் என்று சொல்கிற எண் அது. வாடகைக்கு எடுத்த இந்தப் பிக்கப் வண்டியில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு, வெளியே எத்தனை டிகிரி குளிர் என்பதற்குக்கூட. முள் இருந்த காலம் தேவலை. முள் கீழே சாய்ந்தால் இன்னும் கொஞ்சம் ஓடும் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம், முள்ளோடு பேரம் பேசலாம், எண்ணோடு என்ன பேசுவது. துறைமுகத்துக்கு இன்னும் நூறு கிலோமீட்டர். நூறில் அறுபத்தாறு போனால் முப்பத்து நான்கு. இன்னொரு தடவை கழித்துப் பார்த்தார், அப்போதும் முப்பத்து நான்குதான். அந்த முப்பத்து நான்கை எதை ஊற்றி ஓட்டுவது? சிலி நாட்டின் தென்கோடியில், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் கடலா ஏரியா என்று தெரியாத தண்ணீருமாகப் போகிற சரளைக்கல் பாதை. ஊரில் இது கார்த்திகை மாசம், இங்கே இதற்குப் பேர் கோடையாம், காலையிலிருந்து தூறல் விடவில்லை. ஓரத்தில் குடை அகலத்துக்கு இலை விட்ட செடிகள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு வண்டி எதிரே வந்தால் அதிகம். பக்கத்து சீட்டில் மனைவி குழல்வாய்மொழி சால்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் போலிருக்கிறது. துறைமுகத்தில் மகள் வடிவு காத்திருப்பாள். சாயங்காலம் நாலு மணிக்கு அவளை ஏற்றிக்கொண்டு ஓர் ஆராய்ச்சிக் கப்பல் தெற்கே கிளம்புகிறது, திமிங்கிலங்களைக் கணக்கெடுக்க. திரும்பிவர ஐந்து மாசம் ஆகும். இப்போது மணி பதினொன்றே முக்கால். இரண்டு வருஷமாக அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் பேசலாம். சேராவிட்டால் ஐந்து மாசம், அதற்கப்புறம் அவள் எந்தக் கடலுக்குப் போவாளோ. அறுபத்தாறு அறுபத்தைந்தாயிற்று.

பதினான்கு கிலோமீட்டருக்கு முன்னால்தான் அந்தக் கடை வந்தது. கடை என்று சொன்னால் கடை, வீடு என்று சொன்னால் வீடு. தகரக் கூரை, மரச் சுவர், வாசலில் அடுக்கி வைத்த விறகு, விறகுக்கு அடியில் நனையாமல் நிற்கிற நாலு கோழிகள். வேலியில் ஒரு பலகையை ஆணியடித்து, வெள்ளைப் பெயின்டால் பெட்ரோலியோ என்றோ என்னவோ எழுதியிருந்தார்கள். பெட்ரோல் என்கிற ஆறு இங்கிலீஷ் எழுத்தும் அதில் அப்படியே இருந்தன, வாலில்தான் ஏதோ ஒட்டுப் போட்டிருந்தது. கோமதிநாயகம் வண்டியை நிறுத்தி இறங்கினார். குழல்வாய்மொழி இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினாள். கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண், ஐம்பது வயசிருக்கும், கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் கொட்டகையில் இரண்டு நீல டிரம், ஒரு கைப்பம்பு, ஒரு புனல். "டீசல்?" என்று கேட்டார். "சீ, சீ," என்றாள் அவள், "பெத்ரோலியோ." அவர் தலையை ஆட்டி, "நோ, நோ. டீசல்," என்றார். "சீ!" என்று குரலை உயர்த்தினாள், "பெத்ரோலியோ, பெத்ரோலியோ!" காது கேட்காதவரிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள், முகத்தில் என்னவோ சிரிப்பு இருந்தது. அவர் கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். "போடலையா?" என்றாள் குழல்வாய்மொழி. "பெட்ரோலுதான் இருக்காம்." "அவ என்னமோ சீ சீன்னால்லா?" "ஆமா. டீசலான்னு கேட்டதுக்குச் சீச்சீங்கா. பெட்ரோலுங்கா. அடுத்த ஊர்ல பாத்துக்கிடலாம்." "அடுத்த ஊருன்னா அது துறைமுகந்தானே?" "நடுவுல ஏதாவது இருக்கும்." அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பேரிலேயே மொழியை வைத்துக்கொண்டு, கிளம்புவதற்கு மூன்று மாசம் முன்னாலிருந்தே செல்போனில் ஸ்பானிஷ் பாடம் படித்துக்கொண்டு வந்தவள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் கியரைப் போட்டார். வண்டி நகர்ந்தபோது எண் எழுபத்தொன்பது காட்டியது.

பெட்ரோலை ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும், அதை யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷம் கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட்டு கம்பெனியில் சர்வீஸ் பார்த்தவர். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோலை ஊற்றிவிட்டு ஒரு கவுண்டர், "ஏனுங்க, ரெண்டும் எண்ணெய்தானுங்களே?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. எஞ்சின் அதற்குள் தன் பதிலைச் சொல்லி முடித்திருந்தது, பம்பு இறுகி, பாகத்தோடு பாகம் உராய்ந்து, பிரித்தால் உள்ளேயெல்லாம் கீறல். டீசலில் ஒரு வழுவழுப்பு உண்டு, அதில்தான் அந்த எஞ்சினுக்கு உயிர், பெட்ரோலில் அது கிடையாது. அப்போது அந்தக் கவுண்டரின் சம்சாரம் தொட்டியோரம் நின்றுகொண்டு, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல," என்றார், யாரைப் பார்த்துச் சொன்னாரென்று தெரியவில்லை. ஒரு வார்த்தை. பயப்பட்டது தப்பில்லை. பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான், அதுவும் வாடகை வண்டி, அந்நிய தேசம். ஆனால் ஊரிலே மட்டும் என்ன வாழ்கிறதாம். டீசல் விற்கிற இடத்துக்கும் பெட்ரோல் பங்க் என்றுதானே பேர். டீசல் வண்டிக்காரன்கூட, "பெட்ரோல் போட்டுட்டு வாரேன்" என்றுதானே வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். எத்தனை பேரைத் திருத்தியிருப்பார், "டீசல்னு சொல்லுங்க, வாய்க்குப் பழகினா கைக்கும் பழகிரும்" என்று. இந்த ஊர்க்காரர்களும் அப்படி ஒன்றுக்கு இன்னொன்றின் பேரை வைத்துக்கொண்டிருந்தால்? வைத்திருக்கட்டுமே, அவள்தான் சீச்சீ என்றாளே. சீச்சீ. சீ. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, குழல்வாய்மொழியின் தலை கதவில் இடித்தது, அவள் கண்ணைத் திறக்கவில்லை. இங்கே சீ என்றால் ஆமாம். வந்திறங்கிய அன்றைக்கே ஓட்டலில் இவள்தான் சொல்லிக்கொடுத்தாள். நாலு நாளாகக் காலையில் காப்பி வேண்டுமா என்று கேட்கிற பணிப்பெண்ணிடம் அவரே பெருமையாகச் சீ, சீ என்று சொல்லி வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிறார். நாலு நாள் ஆமாம் என்று கேட்ட காது அந்தக் கடை வாசலில் மட்டும் எப்படித் திடீரென்று திருநெல்வேலிக் காதாக மாறிப்போயிற்று?

அசதி. ராத்திரி சரியான தூக்கமில்லை. அப்படியும் சொல்லிக்கொள்ளலாம். தூக்கமில்லாததற்குக் காரணம் இருந்தது, போய் நின்றதும் வடிவிடம் முதலில் என்ன சொல்வது என்று ராத்திரி பூராவும் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா இருக்கியா? யாரோ கேட்கிற மாதிரி இருக்கும். மெலிஞ்சிட்டியே? அது அவள் அம்மா சொல்ல வேண்டியது. குளிருக்கு என்ன செய்யுத? இது பரவாயில்லை, ஆனால் இதற்கு அவள் பதில் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன பேசுவது. வடிவுக்கரசி என்று அவருடைய அம்மாவின் பேரைத்தான் வைத்தார். நிச்சயதார்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, மண்டபம் பேசி, பத்திரிகை கொடுத்து, மாப்பிள்ளை வீட்டார் காரைக்குடியிலிருந்து கிளம்ப ரயிலுக்குப் பதிந்தபிறகு, அவள் ஆராய்ச்சிக்கு வந்திருந்த இந்த நாட்டிலிருந்தே போன் செய்து வேண்டாம் என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கிற முறையில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், சின்ன வயசிலிருந்தே எதையும் மறைக்கத் தெரியாத பிள்ளை. அவர் சொன்னதெல்லாம், "இனிமே எனக்குப் போன் பண்ணாத," அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து சொன்ன பேச்சைக் கேட்காத பெண், இந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டாள். ஒரு மாசம் பார்த்தார், இரண்டு மாசம் பார்த்தார். தீபாவளிக்குப் போன் அடிப்பாள் என்று செல்போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்குத்தான் அடித்தாள். அதற்கப்புறம் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் குழல்வாய்மொழி பால்கனியில் நின்று அவளோடு பேசுவாள், அவர் கூடத்தில் டி.வி.யின் சத்தத்தைக் குறைப்பார், குறைப்பது தெரிந்துவிடக் கூடாதென்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். சிரிப்பு காதில் விழும். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று விழாது. அப்பா எங்கே என்று அந்தப் பக்கம் கேட்டால் இவள் என்ன சொல்லியிருப்பாள், குளிக்காக, கோயிலுக்குப் போயிருக்காக, தலைவலின்னு படுத்திருக்காக. கேட்டாளோ கேட்கவில்லையோ. இந்தப் பயணத்தைக்கூட அவர்கள் இரண்டு பேருமாகத்தான் பேசி முடித்தார்கள். "கப்பல் ஏறதுக்கு முன்னால ஒரு நாள் வந்தா பாத்துக்கிடலாங்கா. ரெண்டு பேரையும் வரச் சொல்லுதா," என்றாள் குழல்வாய்மொழி. ரெண்டு பேரையும் என்பதில் அவள் ஒரு அழுத்தம் கொடுத்தாள், அது மகள் கொடுத்ததா இவளே கொடுத்துக்கொண்டதா என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. அவர் யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "அங்க எடுக்கிற வண்டி டீசல்தானா?" என்று கேட்டார். அதுதான் அவருடைய சம்மதம். அதை அவள் சம்மதமாகவே எடுத்துக்கொண்டாள், முப்பது வருஷத்தில் அவருடைய பாஷை அவளுக்கு அத்துப்படி. அவருக்கு மகளைப் பார்க்க வேண்டும். இரண்டு வருஷமாக வேறு எதுவும் அவ்வளவு வேண்டியிருந்ததில்லை. பார்க்கப் பயமாகவும் இருந்தது, அதுவும் அதே அளவுக்கு.

அறுபத்து மூன்று. இப்போதே முடிவு செய்தாலும் வந்த வழியில் பதினாறு கிலோமீட்டர் போக வேண்டும். செய்யாவிட்டால் எங்கேயோ ஒரு வளைவில் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடும். நின்றால் என்ன செய்வார்? இறங்குவார், பானெட்டைத் தூக்கி வைப்பார், அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஆனாலும் தூக்கி வைப்பார், மழையில் கொஞ்சம் நனைந்தபடி நிற்பார். எதிரே ஒரு லாரி வந்தால் கையைக் காட்டுவார். லாரிக்காரன் டீசல் இல்லை என்று கையை விரிப்பான், அல்லது இருக்கிறது என்று சொல்லி ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுவருவான், எப்படியும் நாலு மணி தாண்டிவிடும். பிறகு போனில் சிக்னல் வருகிற இடத்தில் குழல்வாய்மொழி கூப்பிட்டு, "வழியில டீசலே கிடைக்கலம்மா, அப்பா என்ன செய்வாக, பாவம்," என்பாள். பாவம் என்று சொல்வாள். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. பாதி உலகத்தைத் தாண்டி வந்தவர், நூறு கிலோமீட்டருக்கு எண்ணெய் இல்லாமல் நின்றுபோனார், விதி, வேறென்ன. அந்த மழையும், தூக்கி வைத்த பானெட்டும், காலியாகக் கிடக்கிற பாதையும் கண்ணுக்குள் தெளிவாகத் தெரிந்தன, நெஞ்சுக்குள் என்னவோ இளகி, மூச்சு சீராக வந்தது. காலையிலிருந்து இப்போதுதான் சீராக வருகிறது. அதை அவர் கவனித்துவிட்டார். கவனிக்காமல் இருந்திருக்கலாம், ஆனால் எஞ்சினின் சத்தம் மாறினால் தூக்கத்திலும் விழித்துக்கொள்கிறவருக்குத் தன்னுடைய மூச்சு மாறியதும் பிடிபட்டுவிட்டது. நிற்கப்போகிறோம் என்பதில் ஒருத்தனுக்கு என்ன சந்தோஷம்? கடைக்கு வந்தபோது எதிரே மரம் ஏற்றிய ஒரு லாரி எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்ததே. அவர்கள் போய் நிறுத்தவும் அது கிளம்பிப் போயிற்று. அந்த டிரம்மிலிருந்துதானே அதற்கு ஊற்றியிருந்தார்கள், புனல் அப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது. டக டக டக என்று அடித்த அந்த எஞ்சின் டீசல் எஞ்சின் இல்லையென்றால் கோமதிநாயகம் என்ற பேரையே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அதோடு அந்த வாசனை. கதவைத் திறந்து காலைக் கீழே வைக்கும்போதே மூக்கில் ஏறிய வாசனை, முப்பத்தொரு வருஷம் சட்டையிலும் டிபன் பாக்ஸிலும் தலையணையிலும் இருந்த வாசனை, வடிவு குழந்தையாக இருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்பா நாத்தம்" என்று சிரிப்பாளே, அது. இவ்வளவையும் விடு. சந்தேகம் என்றால் ஒரு சொட்டைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார், பிசுபிசுப்பு நின்றால் டீசல், பறந்துவிட்டால் பெட்ரோல் என்று எத்தனை விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார். புனல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பத்து விநாடி வேலை. அவர் கையை நீட்டவே இல்லை. இரண்டு கையையும் குவித்துக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார். பொய் சொன்னது அந்தப் பெண் இல்லை, அவளுடைய பாஷையும் இல்லை. எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார். அறுபத்தொன்று என்று எண் மாறியது. பாதை கொஞ்சம் அகன்ற இடத்தில் கோமதிநாயகம் பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ஒரு தடவை பின்னால் எடுத்து, வண்டியைத் திருப்பினார். அவருக்குத் தன்மேல் கோபமாக வந்தது, கோபத்துக்கு அடியில் வெட்கமாக இருந்தது.

திரும்பிப் போகும்போது பாதை வேறு பாதையாக இருந்தது, தண்ணீர் இப்போது அவர் பக்கம் வந்துவிட்டது. பதினெட்டு கிலோமீட்டரும் அவர் எதையும் நினைக்கவில்லை, கல்லைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். கம்பளித் தொப்பிக்காரி வண்டியைப் பார்த்ததுமே கொட்டகைக்குள் போய்ப் பம்பைக் கையில் எடுத்துக்கொண்டாள், இவர் திரும்பி வருவார் என்று அவளுக்கு ஒரு சந்தேகமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் குனிந்து புனலின் விளிம்பைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். பிசுபிசுப்பு அப்படியே நின்றது, டீசல்தான், இந்த ஊரில் அதற்குத்தான் அந்தப் பேர். "சீ," என்றார் அவர், தலையை ஆட்டிக்கொண்டு, "பெத்ரோலியோ." அவள் வாய்விட்டுச் சிரித்து என்னவோ நீளமாகச் சொன்னாள், திட்டாகத்தான் இருக்கும், வாங்கிக்கொண்டார். டேங்கில் எண்ணெய் இறங்குகிற சத்தத்தைக் கேட்டபடி நின்றபோது குழல்வாய்மொழி இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். தூங்கி எழுந்த முகமாக இல்லை.

"நீ தூங்கலையா?"

"தூங்கலை. நீங்க வண்டியத் திருப்புவியளான்னு பாத்துட்டே இருந்தேன்."

"டீசல்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

"சீன்னா ஆமான்னு உங்களுக்குச் சொன்னதே நாந்தானே."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொன்னாப் போட்டிருப்பிய. என் பேச்சுக்கு வந்ததா ஆயிருக்கும்." சால்வை நுனியால் முகத்தில் விழுந்த தூறலைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வருசமா உங்களுக்காக அவகிட்ட நான் பொய் சொல்லிட்டிருக்கேன். வண்டி நின்னிருந்தா அதையும் சொல்லியிருப்பேன். டீசல் கிடைக்கலைன்னு."

அவர் டேங்க் மூடியைத் திருகினார். இரண்டு தடவை திருகியும் சரியாக உட்காராததுபோல் மூன்றாம் தடவையும் திருகினார். அதற்கப்புறம் மூன்று மணி நேரம் வண்டி எங்கும் நிற்கவில்லை. அவர் ஓட்டுகிற வேகத்துக்கு வேறொரு நாளாக இருந்தால் அவள் சத்தம் போட்டிருப்பாள், இன்றைக்குக் கைப்பிடியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள். முதல் வாக்கியத்தை அடுக்கிப் பார்க்க அவருக்கு இப்போது நேரமில்லை, எல்லா வளைவுக்கும் கண் வேண்டியிருந்தது. துறைமுகத்தில் வண்டியை நிறுத்தும்போது மணி மூன்று நாற்பது. சின்னக் கப்பல்தான். கடைசிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு நிற மழைக்கோட்டுப் போட்ட ஒருத்தி கூட்டத்திலிருந்து பிரிந்து வேகமாக நடந்து வந்தாள், பாதித் தூரத்தில் ஓடினாள், கிட்டத்தில் வந்ததும் மறுபடி நடந்தாள். மெலிந்துதான் போயிருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் தோளுக்கு மேலாக அவரைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"மூணு மணிக்கே வந்திருவோம்னு சொன்னியேம்மா. வரமாட்டீங்கன்னே நெனச்சிட்டேன்."

"வழியில டீசல்..." என்று ஆரம்பித்தாள் குழல்வாய்மொழி.

"டீசல் கிடைச்சுது," என்றார் கோமதிநாயகம். திரும்பவும் சொன்னார். "டீசல் கிடைச்சுதும்மா. நான்தான் போடாம வந்துட்டேன்."

வடிவு அம்மாவை விட்டுவிட்டு அவர் பக்கம் முழுசாகத் திரும்பினாள். அவர் கோபமாக இருக்கிறாரா என்று பார்க்கிற பார்வை முதலில் வந்தது, அப்புறம் அது போயிற்று.

"ஏன்ப்பா?" என்று கேட்டாள்.

கப்பல் கிளம்ப இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அவர் சொல்ல ஆரம்பித்தார்.